தெரிந்தவர் பெயரில் வந்த புழு

"சேர், தெரிஞ்ச ஆள் அனுப்பினா திறக்கலாம்தானே?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டார். பதிலாக இந்த வரலாற்றைச் சொன்னேன்.

2000 மே 4. பிலிப்பைன்ஸில் கிளம்பிய ஒரு கணினிப் புழு, 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் மின்னஞ்சலில் உலகைச் சுற்றியது. இணைப்பில் காதல் கடிதம் போல ஒரு கோப்பு. பெயரின் முடிவில் இருந்த 'விபிஎஸ்' என்பதை விண்டோஸ் காட்டவில்லை. அது கடிதமல்ல, நிரல். திறந்தவரின் படங்களை அழித்தது. அவுட்லுக்கில் இருந்த முகவரிகள் அனைத்துக்கும் அவர் பெயரிலேயே தன்னை அனுப்பியது. பிரித்தானியப் பாராளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்த வேண்டி வந்தது. எழுதியவரைத் தண்டிக்க பிலிப்பைன்ஸில் அன்று சட்டம் இருக்கவில்லை.

அன்று பலர் தெரிந்தவரை நம்பித்தான் திறந்தார்கள். ஆகவே எதிர்பாராத இணைப்பு யார் பெயரில் வந்தாலும், முதலில் கோல் எடுத்துக் கேளுங்கள்: "நீங்கதானா அனுப்பினது?"