சிறுநீரில் கஞ்சா: ஆய்வக முடிவு எதற்குச் சான்றாகும்?

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டெட்ராஹைட்ரோகன்னாபினால் கல்லீரலில் படிப்படியாக ஆக்ஸிஜனேற்றமடைந்து, போதை தராத ஒரு கார்பாக்சிலிக் அமிலமாக மாறி, பெரும்பாலும் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைந்த நிலையிலேயே சிறுநீரில் வெளியேறுகிறது. ஆய்வகம் அளப்பது இந்த எச்சத்தைத்தான் என்பதால், முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது.

முதற்கட்டச் சோதனையான நோயெதிர்ப்பு மதிப்பாய்வில், எதிர்ப்பொருள் ஒன்று எச்சத்தோடு பிணைவதே அளவிடப்படுகிறது. அமெரிக்கக் கூட்டரசின் பணியிடச் சோதனை விதிகள் இதற்கு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமையும், உறுதிச் சோதனைக்கு 15 நானோகிராமையும் வெட்டளவாகக் கொண்டுள்ளன. எதிர்ப்பொருள் ஒத்த அமைப்புள்ள பல எச்சங்களையும் சேர்த்தே பற்றிக்கொள்ள, உறுதிச் சோதனை அவற்றுள் ஒன்றை மட்டும் தனித்து அளப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ் சில சோதனைக் கருவித்தொகுதிகளில் தவறான நேர்முடிவைத் தருவது அறியப்பட்ட உண்மையாதலால், முதற்கட்ட முடிவை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவது அறிவியலுக்கும் நீதிக்கும் ஒவ்வாதது.

உறுதிச் சோதனையில், டியூட்டிரியம் அணுக்கள் ஏற்றப்பட்ட அதே அமிலம் தெரிந்த அளவில் தொடக்கத்திலேயே மாதிரியில் சேர்க்கப்படுகிறது. பின்னர் காரத்தால் குளுகுரோனைடு பிணைப்பு உடைக்கப்பட்டு, கரைப்பானால் பிரித்தெடுக்கப்பட்டு, ஆவியாகக்கூடிய சிலைல் வழிப்பொருளாக மாற்றப்பட்டு, வாயு வண்ணப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலைமானியில் 371, 473, 488 ஆகிய நிறை எண்களுடைய அயனிகள் கண்காணிக்கப்படுகின்றன. இடையில் நேரும் இழப்பு இரண்டு சேர்மங்களையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பாதிப்பதால் கணக்கு பிழைபடுவதில்லை. முறையின் வலிமையே இதில்தான் இருக்கிறது.

எனினும் துல்லியமான எண்ணும் காலத்தைச் சொல்வதில்லை. கொழுப்புத் திசுக்களில் தங்கிய பொருள் மெல்லக் கசிவதால், நாள்தோறும் பயன்படுத்தியவர் நிறுத்திப் பல வாரங்களுக்குப் பிறகும் நேர்முடிவு காட்டக்கூடும். அவர் குடிக்கும் நீரின் அளவும் செறிவை மாற்றும். முதல் மாதிரியில் எச்சம் மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமும், சிறுநீர் எவ்வளவு நீர்த்தது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமும், அடுத்ததில் அவை முறையே 60, 150 எனவும் இருந்தால், எச்சம் கூடியதாகத் தோன்றினாலும் கிரியாட்டினினோடு ஒப்பிட்ட அளவு பாதியாகவே குறைந்திருக்கிறது. இந்த ஒப்பீடு இல்லாத அறிக்கை, பழையதன் எச்சத்தைப் புதிய பயன்பாடாகக் காட்டிவிடும்; தொடர்ச்சியான மாதிரிகள் கேட்கப்படும் வழக்குகளில் இது கட்டாயமாக இடம்பெற வேண்டும்.

இந்தியச் சூழலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்பதைப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளாக வரையறுத்து, நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்கியிருக்கிறது. அந்த இலையிலிருந்து செய்யப்படும் பாங்கை உண்டவரின் சிறுநீரிலும் அதே அமிலமே வெளியேறும். சட்டம் காணும் இவ்வேறுபாட்டை எத்தனை நுண்ணிய நிறைமானியாலும் அந்த அமிலத்திலிருந்து மீட்க இயலாது. அதற்குக் கைப்பற்றப்பட்ட பொருளையே நுண்ணோக்கியில் ஆராய வேண்டியிருக்கும்.