துலாரீமியா நுண்ணுயிர் ஆய்வு

ஃபிரான்சிசெல்லா துலாரென்சிஸ், முயல், எலி, அணில் முதலிய காட்டு விலங்குகளையும் அவற்றின் வழியாக மனிதரையும் தாக்கும் பாக்டீரியா. இது உண்டாக்கும் நோய்க்குத் துலாரீமியா என்று பெயர். முயல் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். வட அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா, ஜப்பான் என வடகோளத்தின் மிதவெப்ப, குளிர் நாடுகளிலேயே பெரும்பாலும் காணப்படுகிறது. சாதாரணப் பழக்கத்தில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. ஆனால் இதன் வீரியமிக்க வகையில் 10 முதல் 50 கிருமிகள் மூச்சுடன் உள்ளே போனாலே நோய் வந்துவிடும். இந்தக் கிருமி உடலுக்குள் நுழையும் வழிகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்ததே நூறாண்டுகளைக் கடந்த இந்த ஆய்வின் பெரும்பகுதி.

கண்டுபிடிப்பு

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் ஜார்ஜ் மெக்காய், கலிபோர்னியாவின் தரை அணில்களில் பிளேக் பரவியிருக்கிறதா என்று தேடிவந்தார். பிளேக்கைப் போலவே உறுப்புகளைச் சிதைத்தாலும் பிளேக் கிருமி அகப்படாத ஒரு நோயை 1911இல் அவர் விவரித்தார். மறு ஆண்டு அவரும் சார்லஸ் சேப்பினும் முட்டை மஞ்சள்கருவால் ஆன ஊடகத்தில் கிருமியை வளர்த்துப் பிரித்தெடுத்து, துலாரே மாவட்டத்தின் பெயரை அதற்கு இட்டனர். மனிதரிடம் இந்நோய் ஆய்வக முறையில் உறுதியானது 1914இல், ஒஹாயோவின் சின்சினாட்டி நகரில்.

1919இல் அதே துறையின் மருத்துவர் எட்வர்ட் பிரான்சிஸ் யூட்டா மாநிலத்துக்குச் சென்றார். அங்கே உழவர்களை வாட்டிய 'மான் ஈ காய்ச்சல்' இதே கிருமியால் வருவது என்றும், கடிக்கும் ஈக்கள் அதை முயலிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவருகின்றன என்றும் நிறுவினார். துலாரீமியா என்ற பெயரைத் தந்தவரும் அவரே. சிஸ்டின் சேர்த்த இரத்த அகாரில் கிருமி நன்கு வளர்வதையும் அவர் கண்டறிந்தார். அணில், ஈ, முயல், நோயாளி என்று தனித்தனியாகக் கிடந்த செய்திகளை ஒரே நோயின் கதையாகக் கோத்த அவரது நினைவாகவே இப்பேரினத்துக்கு ஃபிரான்சிசெல்லா என்று பெயர் வைக்கப்பட்டது.

ஜப்பானின் புகுஷிமாவில் ஹச்சிரோ ஓஹாரா என்ற மருத்துவர், முயலைத் தொட்டவர்களுக்கு வரும் காய்ச்சலைத் தனியே ஆராய்ந்தார். நோயுற்ற முயலின் இரத்தத்தை, முன்வந்த தம் மனைவியின் கையில் தேய்த்து நோய் தொற்றுவதை 1925இல் காட்டினார். இன்றைய ஆய்வு நெறிகள் இதை ஒருபோதும் அனுமதிக்காது. அந்தப் பெண் ஏற்ற துன்பமும் இந்த அறிவின் விலையில் ஒரு பங்கு. மறு ஆண்டே இரு நாட்டு நோய்களும் ஒன்றுதான் என்று பிரான்சிஸ் உறுதிசெய்தார்.

கிருமியின் இயல்பு

இது கிராம் எதிர்வகையைச் சேர்ந்த, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள குறுங்கோல் வடிவப் பாக்டீரியா. நகராது, வித்துகளை உண்டாக்காது. துலாரென்சிஸ், ஹோலார்க்டிகா, மீடியாஏசியாட்டிகா ஆகியவை முதன்மையான துணையினங்கள். 'ஏ' வகை எனப்படும் துலாரென்சிஸ் வட அமெரிக்காவுக்கு உரியது, கடுமையானதும் அதுதான். 'பி' வகையான ஹோலார்க்டிகா வடகோளம் முழுவதும் பரவியிருந்தாலும் வீரியம் குறைந்தது.

கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பெருவிழுங்கிச் செல்லுக்குள்ளேயே இது பெருகுகிறது. விழுங்கப்பட்டதும் தன்னைச் சூழ்ந்த சவ்வுப்பையை உடைத்துக்கொண்டு செல்லின் திரவப் பகுதிக்குள் தப்பிவிடும். இதன் வெளியுறையிலுள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளின் அமைப்பு மாறுபட்டிருப்பதால், உடலின் எச்சரிக்கை ஏற்பிகள் அதைச் சரியாக உணர்வதில்லை. 'ஏ' வகையின் ஷு எஸ்4 திரிபினுடைய முழு மரபணுத்தொகுதி, ஏறத்தாழ 19 லட்சம் கார இணைகள், 2005இல் வெளியானது. செல்லுக்குள் தப்பிக்க உதவும் மரபணுக் கூட்டம் அதில் இரு படிகளாக இருப்பது தெரியவந்தது. மனிதருக்கு அரிதாகவே நோய் தரும் நோவிசிடா என்ற நெருங்கிய உறவுக் கிருமியைக் கொண்டு இந்த நுட்பங்கள் பல விளக்கப்பட்டுள்ளன.

பரவும் வழிகள்

உண்ணிக் கடி, ஈக்கடி, நோயுற்ற விலங்கைத் தோலுரித்தல், மாசுபட்ட நீர், தூசு ஆகியவற்றால் தொற்று வருகிறது. சுவீடன், பின்லாந்து நாடுகளில் கொசுக்களும் பரப்புகின்றன. 1966–67 குளிர்காலத்தில் சுவீடனில் வயல் எலிகளால் மாசுபட்ட வைக்கோல் தூசைச் சுவாசித்து 600க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். போருக்குப் பின் 1999–2000இல் கொசோவோவில், பாழடைந்த வீடுகளில் எலிகள் பெருகி உணவும் நீரும் மாசுபட்டதால் 327 பேருக்கு நோய் உறுதியானது. 2000இல் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் 15 பேர் நோயுற்றதில் 11 பேருக்கு நுரையீரல் தாக்கப்பட்டது, ஒருவர் இறந்தார். புல் வெட்டுதலும் புதர் நறுக்குதலும் ஆபத்தைக் கூட்டியதை அந்த ஆய்வு காட்டியது.

அறிகுறிகளும் சிகிச்சையும்

பெரும்பாலும் 3 முதல் 5 நாள்களில் திடீர்க் காய்ச்சலும் குளிரும் தொடங்கும். கிருமி நுழைந்த இடத்தில் புண் உண்டாகி, அருகே நெறி கட்டுவது மிகப் பரவலான வடிவம். கண், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றைத் தாக்கும் வடிவங்களும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் நல்ல பலன் தருகின்றன; சிப்ரோஃபிளாக்சசின், டாக்சிசைக்ளின் மருந்துகளும் பயன்படுகின்றன. இம்மருந்துகள் வருமுன் நுரையீரல் வடிவத்தில் 30 முதல் 60 சதவீதம் பேர் வரை இறந்தனர்.

ஆய்வகமும் தடுப்பூசியும்

தொடக்க கால ஆய்வாளர் பலர் தாங்கள் ஆராய்ந்த நோய்க்கே ஆளாயினர். ஆய்வகப் பணியாளர் ஆறு பேர் நோயுற்றதை 1922இலேயே பிரான்சிஸும் உடனுழைத்தவரும் வெளியிட்டனர். பிரான்சிஸுக்கும் நோய் தொற்றியது. இன்று இக்கிருமியை வளர்த்து ஆராயும் பணி உயிரிப் பாதுகாப்பு நிலை 3 ஆய்வகங்களில் நடைபெறுகிறது. குறைந்த அளவிலேயே தொற்றும் தன்மையால் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இதைப் போர்க்கருவியாக்க முயன்றன. அமெரிக்கா தன் தாக்குதல் திட்டத்தை 1969இல் கைவிட்டது.

சோவியத் ஆய்வாளர்கள் எல்பெர்ட்டும் கைஸ்கியும் வீரியம் குறைத்த உயிர்த்தடுப்பூசியை உருவாக்கினர். 1950களில் அது அமெரிக்காவுக்கு வந்து, எல்.வி.எஸ். என்ற திரிபாக ஆராயப்பட்டது. கிருமியைச் சுவாசிக்கும்போது அது முழுக் காப்பு தருவதில்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு உரிமமும் பெறவில்லை. குறிப்பிட்ட மரபணுக்களை நீக்கிய ஷு எஸ்4 திரிபுகள் இப்போது புதிய தடுப்பூசிக்காக ஆராயப்படுகின்றன.

பரவலாகக் கிடைக்கும் தடுப்பூசி வரும்வரை, நோயாளி கடைசியாகத் தொட்ட விலங்கு, குடித்த நீர், செய்த வேலை ஆகியவற்றைக் கேட்டறியும் மருத்துவரே முதல் காப்பு. காட்டு முயல்களும் எலிகளும் கூட்டமாக மடிவதைக் கண்டதும் கால்நடைத் துறை மனித மருத்துவத் துறைக்கு உடனே சொல்வது அடுத்த காப்பு. இரண்டுக்கும் நவீனக் கருவிகளுக்கு முன் தேவைப்படுவது இந்நோயைப் பற்றிய அறிவு.