அட்டையில ஓட்டை: ஆரணி தறிக்கும் ஐடி வேலைக்கும் என்ன சொந்தம்?

1/
நீண்ட பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

2025 ஜூலை மாசம் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சுது. மொத்த ஊழியர்களில் 2 சதவீதம். ஏஐ காரணம் இல்லை, திறன் பொருந்தாததுதான் காரணம்னு நிறுவனம் சொன்னது. நம்ம மக்கள் நம்பணுமே! அன்னைக்கு ராத்திரியே மீம் வந்தாச்சு: "ஏஐ கோடு எழுதட்டும், நான் ஊருக்குப் போய் தறியில உட்காருறேன்."

2/
ஆரணி பக்கத்து ஆளா இருந்தா இந்த ஜோக்குக்கு இன்னும் சத்தமா சிரிக்கலாம். தம்பி, நீ இத்தனை வருஷமா உட்கார்ந்திருந்ததே தறியிலதான்!

உவமைக்காகச் சொல்லலை. கணினியோட வம்சாவளியை மேலே தேடிக்கிட்டே போனா ஒரு பட்டுத் தறி நிக்குது. நடுவுல ஒரு டாக்டரும் வர்றார். அதனாலதான் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஆசை.

3/
முதல்ல தறி. பாவு நீளவாட்டில் ஓடும் இழை. ஊடை குறுக்கே போகும் இழை. சாதாரண துணிக்கு, பாவில் பாதியைத் தூக்கு, நாடாவை விடு, மறுபாதியைத் தூக்கு, நாடாவை விடு. அவ்வளவுதான்.

ஆனா கரையில மயில் வேணும், முந்தியில மாங்காய் வேணும்னா? ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்த பாவு இழை மேலே வரணும்னு தனித்தனியா சொல்லியாகணும். ஆயிரக்கணக்கான இழைகள். யார் நினைவு வச்சுக்கிறது?

4/
பழைய காலத்தில் அதுக்கு ஒரு ஆள் இருந்தார். காஞ்சிபுரம் பக்கம் "அடை" கட்டி நெய்யறதுன்னு சொல்வாங்க. டிசைனை நூல் முடிச்சுகளாவே தறியில கட்டி வச்சிருப்பாங்க. நெசவாளர் நாடாவை விட விட, இன்னொருத்தர் முறைப்படி நூலை இழுக்கணும்.

பிரான்ஸ் நாட்டு பட்டு நகரமான லியோனிலும் இதே ஏற்பாடுதான். அங்கே அந்த நூலை இழுத்தது பெரும்பாலும் சிறுவர், சிறுமியர். நாள் முழுக்க வளைஞ்சு நெளிஞ்சு கனமான நூல் கட்டுகளை இழுக்கிற வேலை. வளர்ற எலும்பும் முதுகுத்தண்டும் அதுல என்ன பாடுபடும்னு ஒரு டாக்டரா என்னால யோசிக்கவே முடியலை.

5/
1725-ல் பாசில் பூஷோன் என்ற லியோன்காரர் ஓட்டை போட்ட காகிதச் சுருளை வச்சு எந்த இழையைத் தூக்கணும்னு தறிக்குச் சொல்லிப் பார்த்தார். சில வருஷத்தில் ஃபால்கோன் என்பவர் காகிதத்தை அட்டையா மாத்தினார். இதையெல்லாம் சேர்த்து, வேலைக்காகும் இயந்திரமா 1804-ல் முடிச்சுக் கொடுத்தவர் ஜோசப் மரி ஜக்கார்டு.

ஆரணி, காஞ்சிபுரம் தறிகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கே ஜக்கார்டு பெட்டி, அது இவர் பேருதான்.

6/
அது வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டையில ஓட்டை இருந்தா ஊசி உள்ளே நுழையும், கொக்கி மேலே போகும், இழை தூக்கப்படும். ஓட்டை இல்லேன்னா ஊசி தள்ளப்படும், கொக்கி விலகிடும், இழை கீழேயே இருக்கும்.

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. ஒண்ணு, பூஜ்ஜியம். ஐடி தம்பிகளுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

7/
இதுல "பக்" கூட உண்டு. ஒரு அட்டையில ஒரு ஓட்டை தப்பா விழுந்தா, சேலை முழுக்க ஒவ்வொரு மயிலுக்கும் அதே இடத்துல மூக்கு கோணலா வரும்.

ஆனா ஜக்கார்டு அட்டைக்குப் பதட்டம் கிடையாது. அதே 2025 ஜூலையில ரெப்ளிட் நிறுவனத்தோட ஏஐ உதவியாளர், எதையும் மாத்தாதேன்னு சொல்லியும் ஒருத்தரோட முழு டேட்டாபேஸையும் அழிச்சுட்டு, பதறிப்போயிட்டேன்னு விளக்கம் கொடுத்துச்சு. பாவை முழுசா அறுத்துப் போட்டுட்டு "கை நடுங்கிடுச்சுங்க"ன்னு சொல்ற ஆளை ஆரணியில எந்த வீட்டுலயாவது மறுபடி தறியில உட்கார விடுவாங்களா?

8/
கதைக்கு வருவோம். 1839-ல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டுல நெய்தாங்க. அதுக்கு சுமார் 24,000 அட்டைகள். பார்த்தவங்க அச்சடிச்ச படம்னே நினைச்சாங்களாம்.

அதுல ஒண்ணை வாங்கி வச்சிருந்தவர் லண்டன் கணித மேதை சார்லஸ் பாபேஜ். அவர் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இந்த அட்டைகளைத்தான் எடுத்துக்கிட்டார். 1843-ல் அந்த இயந்திரத்தைப் பத்தி விரிவா குறிப்பு எழுதிய அடா லவ்லேஸும், தறி பூக்களை நெய்வது போல இது கணக்கை நெய்யும்னு விளக்கினார். இயந்திரம் முழுசா கட்டப்படவே இல்லை. அட்டை மட்டும் பயணத்தைத் தொடர்ந்துச்சு.

9/
இப்போ நம்ம டாக்டர். ஜான் ஷா பில்லிங்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல ராணுவ அறுவை மருத்துவர். பிற்பாடு ராணுவத்தின் மருத்துவ நூலகத்தை உலகத்தரத்துக்கு வளர்த்தார். 1879-ல் "இண்டெக்ஸ் மெடிக்கஸ்" என்ற மருத்துவக் கட்டுரை அட்டவணையைத் தொடங்கினார். இன்னைக்கு நாங்க தினமும் தேடுற பப்மெட் தளத்துக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறப்பு, இறப்பு புள்ளிவிவரப் பொறுப்பும் அவர்கிட்ட இருந்துச்சு. 1880 கணக்கெடுப்பைக் கையால கூட்டி முடிக்க ஏழெட்டு வருஷம் ஆச்சு!

10/
இதைக் கூட்ட ஒரு இயந்திரம் இருக்கக் கூடாதான்னு பில்லிங்ஸ் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில சொன்னதா, எதிர்ல உட்கார்ந்திருந்த இளம் பொறியாளர் ஹெர்மன் ஹோலரித்தே பின்னாடி எழுதியிருக்கார்.

ஆளுக்கு ஒரு அட்டை. ஆணா பெண்ணா, வயசு என்ன, எல்லாமே ஓட்டை. 1890 கணக்கெடுப்பில் சுமார் 6.3 கோடி பேர் அப்படித்தான் எண்ணப்பட்டாங்க. ஹோலரித்தின் கம்பெனி 1911-ல் வேற சில கம்பெனிகளோட இணைஞ்சு, 1924-ல் ஒரு புதுப் பேரு வச்சுக்கிச்சு. ஐபிஎம்.

11/
நம்ம நாட்டுக்கும் அட்டை வந்துச்சு. 1968-ல் தொடங்கின டிசிஎஸ் ஆரம்பத்தில் செய்த வேலைகளில் ஒண்ணு, டாடா ஸ்டீலுக்கு ஓட்டை அட்டையில கணக்குப் போட்டுக் கொடுக்கிறது.

ஆக, முதல் பதிவுல வந்த கம்பெனியோட பால பாடமும் பட்டுத் தறியோட அட்டைதான். இப்ப மீமுக்கு ஒரு தடவை மறுபடி சிரிச்சுக்கலாம்.

12/
"அதெல்லாம் சரி டாக்டர், வேலை போகுமா போகாதா?"

ஜோசியம் என் சப்ஜெக்ட் இல்லை. ஏன்னா 2016-ல் ஜெஃப்ரி ஹிண்டன், ரேடியாலஜிஸ்ட்களைப் பயிற்றுவிப்பதை இப்பவே நிறுத்திடலாம், அஞ்சு வருஷத்தில் கணினி அவங்களை முந்திடும்னு சொன்னார். 2024-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைச்சுது. எங்க ஊர்ப் பக்கம் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு இன்னும் நாங்க ரேடியாலஜிஸ்ட்டைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்.

13/
ஆனா வரலாறு ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லுது. ஜக்கார்டு பெட்டி நெசவாளரைத் தறியை விட்டு எழுப்பலை. நூல் இழுத்த குழந்தையோட வேலையைத்தான் எடுத்துக்கிச்சு. போகட்டும், நல்லதுதான். தறி வேகமாச்சு, துணி கூடுச்சு.

அப்படின்னா நெசவாளர் பணக்காரர் ஆகியிருக்கணுமே? இல்லை. 1831-ல் லியோன் பட்டு நெசவாளர்கள் தெருவுக்கு வந்தாங்க. இயந்திரத்தை உடைக்க வரலை. குறைந்தபட்சக் கூலி வேணும்னு கேட்டு வந்தாங்க. கூலிப் பட்டியல் ஒப்புக்கொள்ளப்பட்டும், முதலாளிகளில் பலர் கொடுக்க மறுத்துட்டாங்க. நவம்பர்ல நெசவாளர்கள் நகரத்தையே பிடிச்சாங்க. ராணுவம் வந்து அடக்குச்சு. 1834-ல் மறுபடி எழுந்தாங்க, மறுபடி ரத்தம்.

14/
குழந்தைகள் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டுத் தறிகளுக்கு ஜக்கார்டு வந்து வெகு காலம் ஆன பிறகும், 1990களில் காஞ்சிபுரம் பக்கப் பட்டுத் தறிகளில் கடனுக்காகக் குழந்தைகள் உட்கார வைக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தியிருக்கு. அந்தக் குழந்தைகளுக்கு வழி திறக்க பெட்டி போதலை. பள்ளிக்கூடமும் சட்டமும் வேண்டியிருந்துச்சு.

15/
இன்னைய கணக்கு பாருங்க. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க நெசவிலும் அதைச் சார்ந்த வேலையிலும் இருந்தவங்க 43 லட்சம் பேர். 2019-20-ல் 35 லட்சம். பத்து வருஷத்தில் 8 லட்சம் பேர் போயிட்டாங்க. அப்போ சாட்ஜிபிடி பிறக்கவே இல்லை!

அதே கணக்கெடுப்புப்படி, மூணில் ரெண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களுக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஒருத்தர் நெய்ய, வீட்டுல இன்னொருத்தர் தார் சுற்ற, இன்னொருத்தர் பாவு பிணைக்க, கூலி மட்டும் ஒரே சேலைக்கு. அப்புறம் பசங்க சென்னைக்கு ஐடி வேலைக்குப் போகாம என்ன செய்வாங்க?

16/
அதனால ஏஐ செய்தி வரும்போதெல்லாம் மீம் போடுங்க, சிரிங்க. சிரிப்பு உடம்புக்கு நல்லது. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்க: பத்து மணி நேர வேலை நாலு மணி நேரத்தில் முடிஞ்சா, மிச்சம் ஆறு மணி நேரம் யார் கணக்குல வரவு? லியோன் நெசவாளர் கேட்டதும் இதைத்தான். வாரம் 70 மணி, 90 மணி உழைக்கணும்னு பெரியவங்க சொல்லும்போதும் இதையே கேட்கலாம்.

17/
கடைசியா டாக்டர் வேலை.

தறிக் குழியில காலை விட்டு முன்னால குனிஞ்சு உட்கார்றவங்களுக்கு வர்ற கழுத்து வலி, இடுப்பு வலி, கண் சோர்வு மூணும் லேப்டாப் முன்னாடி உட்கார்றவங்களுக்கும் வருது. அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே அறிவுரைதான்: அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணைத் தூரத்துல ஓட்டுங்க. வெளிச்சம் நல்லா இருக்கட்டும். கை, கால் மரத்துப்போனா தைலம் தேய்ச்சுக்கிட்டு நாளைக் கடத்தாம டாக்டரைப் பாருங்க.

மகனுக்கு கம்பெனி காப்பீடு இருக்கு. அப்பாவுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க. இல்லேன்னா பதிவு பண்ணிக் கொடுங்க. அந்த அட்டையில ஓட்டை வேண்டாம்.

அடுத்த கல்யாணத்துக்கு ஆரணிப் பட்டு எடுக்கும்போது கைத்தறி முத்திரை இருக்கான்னு ஒரு தடவை திருப்பிப் பாருங்க.