ஆலோசனை சொல்வது எளிதல்ல: ஹாட் ராட் ஆட்கள் கற்ற பாடம்

"என் கார் சூடாகிறது, என்ன செய்யலாம்?"

பழைய காரை வாங்கித் தன் விருப்பப்படி மாற்றியமைக்கும் ஆட்கள் நாலு பேர் கூடினால், இந்தக் கேள்வி கட்டாயம் எழும். கம்பெனியில் இருந்து வந்தபடியே ஓடும் காருக்கு இதற்குப் பதில் சொல்லிவிடலாம், மேனுவல் இருக்கிறது. ஆனால் ஒரு வருடத்து பாடி, வேறு வருடத்து இன்ஜின், இன்னொரு வண்டியின் ரேடியேட்டர், சொந்தக் கையால் வெல்டிங் செய்த சேஸிஸ் என்று இருக்கும் வண்டிக்கு மேனுவல் ஏது? உலகத்தில் அப்படி ஒரு வண்டிதான் உண்டு. அதைப் பார்க்காமலே ஆலோசனை சொல்லவேண்டும்.

ஆட்டோமொபைல் பாடம் நடத்திப் பிழைத்தவன் என்பதால் எனக்கு இந்தச் சிக்கலில் எப்போதும் ஓர் ஈடுபாடு உண்டு. இதை முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் அமெரிக்காவின் தென் கலிபோர்னியா இளைஞர்கள். அவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது சுவையான வரலாறு.

1932ஆம் ஆண்டு ஃபோர்டு கம்பெனி சாமானியர் வாங்கும் விலையில் 8 சிலிண்டர் கொண்ட வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். சில ஆண்டுகளில் அந்த வண்டிகள் பழைய மார்க்கெட்டுக்கு வந்தன. இளைஞர்கள் மட்கார்டைக் கழற்றி எறிந்து, இன்ஜினைக் குடைந்து, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பாலைவனத்தில் உள்ள முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப்பார்த்தார்கள். 1937இல் பல கிளப்புகள் சேர்ந்து தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. இந்த வண்டிகளுக்குப் பின்னாளில் வந்த பெயர்தான் ஹாட் ராட்.

அந்த வி-8 இன்ஜின் சூடாவதில் பேர்போனது. வால்வுகள் சிலிண்டர் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே இருந்தன. அதனால் இதற்கு ஃப்ளாட்ஹெட் என்று பெயர். எரிந்த புகை வெளியே போக, பிளாக்குக்கு உள்ளேயே தண்ணீர் ஓடும் பாதையை ஒட்டிச் சுற்றிப்போக வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நடுவில் உள்ள 2 சிலிண்டர்களுக்குப் புகை போக ஒரே வழி. அந்தச் சூடெல்லாம் தண்ணீரில் இறங்கியது. இது பிறவிக் குணம்.

அதற்கு மேல் காரணங்கள் வரிசையாக உண்டு. ரேடியேட்டர் அடைப்பு, பிளாக்கில் தங்கிவிட்ட வார்ப்பு மணல், வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல், இக்னிஷன் டைமிங் பிசகு. ஆண்டும் முக்கியம். 1936 வரை தண்ணீர் பம்ப் ஹெட்டின் மேலே உட்கார்ந்து சூடான நீரை இழுத்தது. 1937 முதல் கீழே பிளாக்கில் வைக்கப்பட்டுக் குளிர்ந்த நீரைத் தள்ளியது. எந்த வருடத்து இன்ஜின் என்று கேட்காமல் சொல்லப்படும் பதில் பாதிப் பதில்கூட அல்ல.

ஆனால் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு." நம்மூர் மெக்கானிக்குகளும் இதையேதான் சொல்வார்கள். தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் கழற்றியதும் சரியாகிவிடும். அப்படிச் சரியானவர் ஆயுள் முழுக்க அதையே எல்லோருக்கும் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வண்டியில் அது உண்மை, கேட்டவர் வண்டியில் விரிசல்.

இரண்டு நல்ல ஆலோசனைகள் ஒன்றையொன்று அடிக்கும் இடமும் இதே இன்ஜினில் இருந்தது. ஹெட்டைச் சீவினால் கம்ப்ரஷன் கூடும், திறன் கூடும். இது சரி. பெரிய வால்வும் கூடுதல் கார்புரேட்டரும் வைத்தால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும், திறன் கூடும். இதுவும் சரி. ஆனால் ஃப்ளாட்ஹெட்டில் வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதால், கலவை ஹெட்டுக்கு அடியில் உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். ஹெட்டைச் சீவச் சீவ அந்த வழி குறுகும். இரண்டு நண்பர்களிடம் தனித்தனியாகக் கேட்டு இரண்டையும் முழுதாகச் செய்தவன், செலவு செய்தும் எதிர்பார்த்தது கிடைக்காமல் நின்றான்.

சிலிண்டரைப் பெரிதாக்குவதும் அப்படித்தான். துளையின் விட்டத்தை 3/16 அங்குலம் கூட்டினால் சுவரில் எல்லாப் பக்கமும் 3/32 அங்குலம் போகும். வார்க்கும்போது உள் அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே மெலிந்திருக்கும். "நான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நண்பர் சொன்னது அவருக்கு வாய்த்த பிளாக்கைப் பற்றி.

வார்த்தைகளும் காலை வாரின. கேம்ஷாஃப்டுகளை "முக்கால் ரேஸ்", "முழு ரேஸ்" என்று சொல்லி விற்றார்கள். எதில் முக்கால்? அதற்கு ஒரே அளவு கிடையாது. ஒரு பட்டறையின் முக்கால், இன்னொரு பட்டறையின் முக்காலோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. "முக்கால் கேம் போட்டேன், பிரமாதம்" என்று ஒருவர் சொன்னால், வால்வு எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று எண்ணில் கேட்காதவரை அதில் தகவல் எதுவும் இல்லை.

வேகத்தைவிட அழகை நாடியவர்கள் இன்னொரு கூட்டம். இவர்களைத்தான் கஸ்டம் கார் ஆட்கள் என்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ், சாம் பாரிஸ் சகோதரர்கள் இதில் பெரும் பெயர் பெற்றவர்கள். கூரையை வெட்டித் தாழ்த்துவதும் வண்டியைத் தரையோடு பதிப்பதும் இவர்கள் பாணி. இதைப் பார்த்த பையன்களுக்குக் கிடைத்த மலிவான யோசனை, காயில் ஸ்பிரிங்கை கேஸ் வெல்டிங் தீயால் சூடாக்குவது. வண்டி அழகாக இறங்கும். ஆனால் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும். பிறகு அது எவ்வளவு இறங்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குமா என்பது யார் கையிலும் இல்லை.

கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதிலும் ஆபத்து இருந்தது. ஃபோர்டு வண்டிகளுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1939இல். அதற்கு முன்பெல்லாம் கம்பியாலும் கேபிளாலும் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். 1932 வண்டியில் திறனை இரட்டிப்பாக்குவது எப்படி என்று ஒருவன் கேட்டால், அதற்குச் சரியான பதிலை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் முதலில் பிரேக்கை மாற்றச் சொன்னார்கள். கேட்டவனுக்கு அது பிடிக்காது. அவன் கேட்டது கார்புரேட்டரைப் பற்றி.

எல்லாவற்றையும்விடக் கொடியது ஃப்ளைவீல் விஷயம். எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டால் இன்ஜின் சட்டென்று வேகம் எடுக்கும். எனவே லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடு என்பது வழக்கமான ஆலோசனை. ஆனால் சுழலும் சக்கரத்தைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 3,000 சுற்றில் ஓடியது 6,000 சுற்றில் ஓடினால் விசை 4 மடங்கு. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் போதும், சக்கரம் வெடிக்கும். அது இருப்பது டிரைவரின் கால்களுக்குப் பக்கத்தில். துண்டுகள் தரையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து கால்களையும் உயிர்களையும் பறித்திருக்கின்றன.

வாய்வழி ஆலோசனையின் எல்லை மெல்லப் புரிந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சனும் ராபர்ட் லிண்ட்சேயும் 'ஹாட் ராட்' மாத இதழைத் தொடங்கினார்கள். ரோஜர் ஹன்டிங்டன் 1950இல் இன்ஜின் திறன் கூட்டுவது பற்றிக் கணக்குகளோடு ஒரு புத்தகம் எழுதினார். 'கலிபோர்னியா பில்' என்ற பெயரில் பில் ஃபிஷர் ஃபோர்டு, செவர்லே இன்ஜின்களுக்குத் தனித்தனியே கையேடுகள் கொண்டுவந்தார். "நல்லா இருக்கும்" என்ற பேச்சின் இடத்தில் அளவும் எண்ணும் வந்தன. ஆனாலும் புத்தகம் உங்கள் வண்டியைப் பார்க்காது.

அதனால் நேரில் போய்ப் பார்த்தார்கள். வாலி பார்க்ஸ் தலைமையில் 1951இல் தேசிய ஹாட் ராட் அசோசியேஷன் தொடங்கியது. 1954இல் இந்த அமைப்பு 4 பேரை ஒரு ஸ்டேஷன் வேகனிலும் டிரெய்லரிலும் நாடு முழுக்க அனுப்பியது. ஊர் ஊராகப் போய், பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி, ஓடுமுன் வண்டியைப் பரிசோதிப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தார்கள். இந்தப் பரிசோதனை ஆலோசனையின் குணத்தையே மாற்றியது. "இதை மாற்றினால் நல்லது" என்று நண்பன் சொன்னால் தட்டிக் கழிக்கலாம். "இதை மாற்றாமல் ஓடமுடியாது" என்று பரிசோதகர் சொன்னால் முடியாது.

அடுத்த படி, உதிரிபாகம் செய்பவர்களே சேர்ந்து தரம் வகுத்தது. 1963இல் அவர்களுடைய சங்கமான செமா உருவானது. அதிலிருந்து பிறந்த எஸ்.எஃப்.ஐ. அறக்கட்டளை 1978 முதல் தர அளவுகளை வகுக்கிறது. அதன் 1.1 என்ற எண்ணுள்ள விதி எதற்குத் தெரியுமா? ஃப்ளைவீலுக்கும் கிளட்சுக்கும்தான். சரமாரியான ஆலோசனைகள் பலித்தும் பலிக்காமலும் கடைசியில் ஓர் எண்ணாக உலோகத்தின் மேல் பொறிக்கப்பட்டன.

ஆனால் விதி எல்லாவற்றுக்கும் வராது. வீட்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பவர் இன்றும் நண்பரைத்தான் கேட்பார். என்னையும் சிலர் கேட்கிறார்கள். வருடம், இன்ஜின், என்னென்ன மாற்றியிருக்கிறது, பிரேக் என்ன நிலையில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்குச் சலிப்பு வருகிறது. "சார், ஒரு வரியில் சொல்லுங்களேன்" என்பார்கள். பலர் ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்துவிட்டு, அதற்கு ஓர் 'ஆமாம்' வாங்கத்தான் வருகிறார்கள்.

வண்டியின் அழகு பற்றியோ சத்தம் பற்றியோ என்றால் அந்த ஆமாமைச் சொல்லிவிடுவேன். பிரேக், ஸ்டீயரிங், ஃப்ளைவீல் பற்றி என்றால், "வண்டியைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.