பால்குடிக் குழந்தைக்கும் பைத்துல்மாலில் பங்கு

ஹிஜ்ரி 13 முதல் 23 வரை (கி.பி. 634–644) ஆட்சி புரிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நம் மதரஸாக்களில் சொல்லப்படும் நிகழ்வுகள் பல. அவற்றுள் இரவில் அழுத குழந்தையின் நிகழ்வை ஆட்சியாளரின் இரக்கத்துக்குச் சான்றாகவே பிள்ளைகள் படிக்கின்றனர். அது ஒரு சட்டம் திருத்தப்பட்ட வரலாறும்கூட என்பதை நாம் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது குறைவு.

இப்னு ஸஅத் தம் தபகாத் நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். வணிகக் கூட்டமொன்று மதீனாவின் தொழுகைத் திடலில் வந்து தங்கியது. அன்றிரவு அதற்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தனர். குழந்தையொன்றின் அழுகுரல் கேட்கவே, உமர் (ரலி) அவர்கள் தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு கூறித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மறுபடியும் கேட்டபோது, எதிரில் நிற்பவர் யாரென்று அறியாத அத்தாய் காரணத்தைச் சொல்லிவிட்டாள். பால்குடியை மறக்கடிக்க முயல்வதாகவும் பிள்ளை அதற்கு உடன்படவில்லை என்றும் கூறினாள். ஏன் இத்தனை அவசரம் என்று வினவியதற்கு, பால்குடி மறந்த பிள்ளைக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார் என்றாள். குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் அழுகையால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும் அறிவிப்புச் செய்யப்பட்டது: பிள்ளைகளின் பால்குடியை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதலே தொகை உண்டு. மற்றப் பகுதிகளுக்கும் இவ்வாறே எழுதி அனுப்பினார்கள். பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம் என்றும், வளர வளர அது கூடும் என்றும் வகுக்கப்பட்டது. கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் அதே 100 திர்ஹம்தான்.

முந்தைய விதி தீய எண்ணத்தில் பிறந்ததன்று. பிள்ளை சோறுண்ணத் தொடங்கும்போதுதான் தனிச் செலவு வருகிறது என்பது நியாயமான கணக்கே. ஆயினும் அக்கணக்கு ஒரு தாயைத் தன் பாலுக்கும் குடும்ப வருவாய்க்கும் இடையே நிறுத்திவிட்டது. திருக்குர்ஆன் (2:233) இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள். தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு. அதற்குமுன் நிறுத்துவதானால் இருவரும் கலந்து, மனமொப்பி முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் தொழிற்சாலைகளுக்குப் பின்னரே வந்தது. பம்பாய் மாகாணத்தில் 1929இல் பேறுகாலச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முன்வரைவை 1928இல் மாகாணச் சட்டமன்றத்தில் ஆதரித்துப் பேசியவர்களில் டாக்டர் அம்பேத்கர் ஒருவர். 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 12 வார விடுப்பை அளித்தது. 2017இல் அது 26 வாரங்களாயிற்று. ஏறத்தாழ ஆறு மாதம். அதாவது குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று மருத்துவர்கள் கூறும் காலம். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் அப்போது சேர்க்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே இரு பிள்ளைகள் உள்ள தாய்க்கு இன்றும் 12 வாரங்களே. மூன்றாவது பிள்ளை குறைந்த காலம் பால் குடித்தால் போதும் என்று யார் கண்டார்களோ!

தமிழக அரசு 1987 முதல் ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நிதியுதவி வழங்கி வருகிறது; 2018இல் அது 18,000 ரூபாயாக உயர்ந்தது. கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. பெண் சிசுக்கொலையால் பெயர் கெட்டிருந்த அம்மாவட்டத்துக்கு, 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவாக்கப்பட்டது. கண்டெடுத்த குழந்தைக்கும் பங்கு வைத்த கலீஃபாவின் ஏற்பாட்டைப் படிக்கையில் நமக்கு அத்தொட்டில் நினைவுக்கு வருகிறது.

இனி ஓசூருக்கு வருவோம். 1970களில் சிப்காட் வந்தபின் இவ்வூர் வந்தேறிய குடும்பங்களின் ஊராகிவிட்டது. நம் தக்கினி உருதுக் குடும்பங்களில் பிரசவித்தவளுக்குச் சில்லா உண்டு. தமிழ்க் குடும்பங்களில் நாற்பது என்பர். (நிஃபாஸின் உச்ச வரம்பு ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60. அது தொழுகை, நோன்பு பற்றிய சட்டம். உடம்பு தேறும் காலத்தின் அளவு அன்று. முன்னரே உதிரம் நின்றால் குளித்துத் தொழ வேண்டும்.) சில்லாவின் உயிர், தாய்வீட்டுப் பெண்களின் கைகளில் இருந்தது. இன்று ஒற்றை அறை வாடகை வீட்டில் தாயும் பிள்ளையும் தனித்திருக்க, கணவர் இரவுப் பணிக்குச் செல்கிறார்.

ஒப்பந்தப் பணியில் இருப்பவளின் நிலை இன்னும் கடினம். சட்டப்படி பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது அந்த முதலாளியிடம் பணிபுரிந்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறிவிட்டால் அக்கணக்கை நிலைநாட்டுவதே பெரும்பாடு. ஊதியம் நின்றுவிடும் என்று அஞ்சி, இரண்டாம் மாதத்திலேயே புட்டிப்பாலுக்குப் பழக்குபவளுக்கும் மதீனாவில் அழுத குழந்தையின் தாய்க்கும் இடையே நமக்கு வேறுபாடு தெரியவில்லை.

மஹல்லா பைத்துல்மால் கணக்கில் திருமண உதவி உண்டு, மருத்துவ உதவி உண்டு, ஜனாஸாச் செலவும் உண்டு. பிரசவித்தவளுக்கு 40 நாள் சமைத்துத் தந்து, குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பெண்ணுக்குக் கூலி என்றொரு வரியைக் காண்பது அரிது. ஏழாம் நாள் அகீகா சுன்னத்தானது. ஆனால் நூறு பேருக்கு விருந்து வைப்பது அதற்கு நிபந்தனையன்று. அவ்விருந்தின் செலவில் பாதி இருந்தாலே அக்கூலியைக் கொடுத்துவிடலாம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் நாம் இதைக் கேட்கவிருக்கிறோம். உங்கள் மஹல்லாவில் நீங்களும் கேளுங்கள்.