கடும் மலேரியாவில் குருதி உறைதல் புரதங்கள்

கடும் மலேரியா என்பது பெரும்பாலும் பிளாசுமோடியம் பால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணியால் ஏற்படும் உயிராபத்தான நோய்நிலை ஆகும். நினைவிழப்பு, வலிப்பு, கடும் குருதிச்சோகை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியன இதில் காணப்படும். குருதியை உறையச் செய்யும் புரதங்களுக்கும் உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதங்களுக்கும் இடையே உள்ள சமநிலை இந்நோயில் குலைகிறது.

புரதம் சி

ஒட்டுண்ணி புகுந்த செங்குருதியணுவின் மேற்பரப்பில் பிஎப்இஎம்பி1 என்னும் புரதம் தோன்றுகிறது. இதன் உதவியால் அவ்வணு நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலால் அழிக்கப்படாமல் தப்புகிறது. இப்புரதத்தின் சில வகைகள் குழாய்ச் சுவரிலுள்ள புரதம் சி ஏற்பியைப் பற்றுகின்றன என்பது 2013 இல் கண்டறியப்பட்டது. இயல்பு நிலையில் அந்த ஏற்பியின் துணையால் புரதம் சி செயலூக்கம் பெற்று, உறைதல் காரணிகளான ஐந்தையும் எட்டையும் செயலிழக்கச் செய்யும். ஒட்டுண்ணி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வதால் இந்தத் தடை தளர்கிறது. திராம்பின் மிகுந்து, குழாய்ச் சுவர் கசிகிறது. மூளையின் நுண்குழாய்களில் இவ்வேற்பி இயல்பிலேயே குறைவு. மூளை எளிதில் பாதிக்கப்படுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

வான் வில்லிபிராண்டு காரணி

தூண்டப்பட்ட குழாய்ச் சுவர் இக்காரணியை நீண்ட இழைகளாக வெளியிடுகிறது. அவற்றை வெட்டிச் சிறிதாக்கும் அடாம்ட்சு13 என்னும் நொதியின் செயற்பாடு கடும் மலேரியாவில் குறைந்துவிடுகிறது. வெட்டப்படாத இழைகளில் குருதிச் சிறுதட்டுகளும், அவற்றின் வழியாக நோயுற்ற அணுக்களும் ஒட்டுகின்றன. சிறுதட்டு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தாலும் பெரிய குருதிப்போக்கு அரிதாகவே நேர்கிறது.

திருவண்ணாமலைப் பகுதி

தென்பெண்ணையாற்றங்கரை ஊர்களில் நீடித்த மலேரியா 1980களில் ஆராயப்பட்டது. நீரோட்டம் குறையும்போது மணற்படுகையில் தேங்கும் குட்டைகளில் அனாபிலிசு குலிசிபேசிசு கொசு பெருகும். தமிழ்நாட்டில் பெரிதும் காணப்படுவது வைவாக்சு வகை. அதில் பிஎப்இஎம்பி1 இல்லை. மூளை மலேரியாவும் அரிது. ஆயினும் சிறுதட்டுகள் அதிலும் குறையும் என்பதால், டெங்கு என்று முடிவுகட்டுமுன் குருதிப்பூச்சுச் சோதனை செய்வது அவசியம். ஒடிசா, சத்தீசுக்கர் போன்ற பால்சிபாரம் மிகுந்த மாநிலங்களுக்குச் சென்று திரும்பிய தொழிலாளருக்கும், அங்கிருந்து கார்த்திகைத் தீபத்திற்கு வருவோருக்கும் காய்ச்சல் கண்டால் இது மேலும் பொருந்தும்.

சிகிச்சை

உறைதலைத் தடுக்கும் எப்பாரின் ஒருகாலத்தில் பயன்படுத்தப்பட்டது. குருதிப்போக்கு அச்சத்தால் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. ஒட்டுண்ணியை விரைந்து அழிப்பதே முதன்மையானது. இந்தியா உள்ளிட்ட நான்கு ஆசிய நாடுகளில் நடந்து 2005 இல் வெளியான ஆய்வில், குயினைன் பெற்றோரில் 22 விழுக்காட்டினரும், சிரைவழி ஆர்ட்டிசுனேட்டு பெற்றோரில் 15 விழுக்காட்டினரும் இறந்தனர்.