கோயிஞ்ச் லோ

கிழக்கு நேபாளத்தில் லிகு, கிம்தி என்னும் மலையாறுகளை ஒட்டிய ராமேச்சாப், ஒகல்டுங்கா மாவட்டங்களில் வாழும் மக்களை ஊரார் சுனுவார் என்கிறார்கள். அவர்களோ தம்மைக் கோயிஞ்ச் என்றும், தம் மொழியைக் கோயிஞ்ச் லோ என்றும் சொல்கிறார்கள். ‘லோ’ என்றால் பேச்சு.

சுனுவார் என்ற பெயரைச் சுன்கோசி ஆற்றோடு இணைப்பதே பரவலான விளக்கம். லிகு நேராகவும், கிம்தி தாமாகோசி வழியாகவும் சுன்கோசியைத்தான் சேர்கின்றன. ஆகவே விளக்கம் பொருந்துகிறது. ஆனால் ‘சுன்’ நேபாளிச் சொல், பொருள் பொன். நேபாளி இந்தோ-ஆரிய மொழி. கோயிஞ்ச் லோ திபெத்திய-பர்மியக் குடும்பத்தின் கிராந்திக் கிளையைச் சேர்ந்தது. அப்படியானால் இது அயலார் தம் மொழியில் வைத்த பெயர் என்றே கொள்கிறேன். பொற்கொல்லரைக் குறிக்கும் ‘சுனார்’ என்ற சாதிப் பெயரோடு இதைக் குழப்புவோரும் உண்டு. அது வேறு, இது வேறு.

இன்னொரு பெயர் முக்கியா. கூர்க்கா ஆட்சியில் வரி தண்டிய ஊர்த்தலைவர்களின் பட்டம் இது; பிறகு மக்கள் எல்லாருக்குமே பெயராகிவிட்டது. நாம் ‘ஊர் முக்கியஸ்தர்’ என்கிறோமே, அதே வடமொழி வேர்தான். சிக்கிமிலும் இப்பெயர் வழங்குகிறது.

சொந்தப் பெயர்கள் குலங்களில் தங்கியிருக்கின்றன. ஜெண்டிச்சா, ராபாசா, காத்திச்சா எனப் பல குலப்பெயர்கள் ‘சா’ என்றே முடிகின்றன. 1942-இல் இம்மொழிக்குத் தனி எழுத்து வகுத்தவர் கிருஷ்ண பகதூர் ஜெண்டிச்சா. அந்த எழுத்து 2024-இல் யூனிகோடு 16-ஆம் பதிப்பில் இடம்பெற்றது பெருமகிழ்ச்சிக்குரியது. ஆனால் அங்கும் அதன் பெயர் சுனுவார் என்றே பதிவாகியிருக்கிறது. டோர்ட்டே போர்ச்சர்ஸ் 2008-இல் வெளியிட்ட இலக்கண நூலின் தலைப்பிலும் சுன்வார்தான்.

2011 கணக்கெடுப்பில் நேபாளத்துச் சுனுவார்கள் 55,712 பேர். கோயிஞ்ச் லோவைத் தாய்மொழி என்றவர்கள் 37,898 பேரே. பேச்சு சுருங்கும்போது அயலார் வைத்த பெயர் எளிதாக நிலைத்துவிடும். அதனால்தான் அச்சமூகத்து மொழியியலாளர் லால் ராபாசா தம் ஆய்வுகளில் விடாமல் ‘கிராந்தி-கோயிஞ்ச்’ என்று எழுதிவருவதை மதிக்கிறேன். தமிழில் இம்மொழியைப் பற்றி எழுதுவோரும் கோயிஞ்ச் என்று முதலில் எழுதி, சுனுவாரை அதன் பின்னே வைக்கலாம்.